ஓட வந்தவளை வசூலுக்கு அனுப்பிவிட்டார்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 34, மாட்டுங்காவில் இருக்கிறேன். ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓட அலுவலகம் வழியாகச் சேர்ந்தேன். அதன் பிறகுதான், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆளுக்கு ஒரு லட்சம் நன்கொடை திரட்ட வேண்டும் என்றார்கள். யார் எவ்வளவு என்ற பட்டியல் தினமும் டீம் வாட்ஸ்அப்பில் வருகிறது. கடைசியில் என் பெயர்: 6,500. சித்தப்பாவிடமும் எதிர்வீட்டு மாமியிடமும் கேட்டு, ஜிபேயில் வாங்கிவிட்டேன். இப்போது மாமி லிஃப்டில் வந்தால் நான் படியில் இறங்குகிறேன். தூக்கம் கெட்டு, இரண்டு வாரமாகக் காலை ஓட்டமும் நின்றுபோனது. விலகிவிடவா?

மாட்டுங்கா வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கணக்கு. ஆளுக்கு 500 என்றால் ஒரு லட்சத்துக்கு 200 பேர் வேண்டும். கூசாமல் கேட்க 200 பேர் யாருக்கு இருக்கிறார்கள்?

நம் வீடுகளில் வாங்கிய மொய்யை நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்வோம். அந்தப் பழக்கத்தில், மாமி தந்த நன்கொடையையும் மனம் உங்கள் பற்றில் எழுதிவிட்டது. பணம் உங்கள் ஜிபேக்கு வந்ததால் அது இன்னும் கடன் போலவே தெரிகிறது. நீங்கள் அதை மொத்தமாகக் கட்டினால் ரசீதும் உங்கள் பெயரில்தான் வரும். அந்தத் தொகையை உடனே கட்டி, ரசீதின் படத்தை இருவருக்கும் அனுப்புங்கள். இனி தொண்டு நிறுவனத்தின் லிங்க் மட்டும்.

குடும்ப குரூப்பில் போடாமல் தனித்தனியாகக் கேளுங்கள். "முடியாவிட்டால் பதில்கூட வேண்டாம்" என்று சேருங்கள். ஒரே ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். வரிச்சலுகை என்று ஆசை காட்டாதீர்கள்: நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி) பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அவர்களுக்கும் கிடையாது.

அலுவலக விஷயத்தில், நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தைத் தேடி எடுங்கள். குறையும் தொகை யார் தலையில் என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் மெயிலில் (வாய்ப்பேச்சு வேண்டாம்) எழுதுங்கள்: "என்னால் 15,000 வரை முடியும். பட்டியலில் என் பெயரை எடுத்துவிடுங்கள்." மேலாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குறையும் தொகை உங்கள் தலையில் என்று படிவத்தில் இருந்தால், விலகும் கடைசித் தேதியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்த ஆண்டு பொதுப் பதிவில் சேருங்கள். கட்டணம் உண்டு, வசூல் கட்டாயமில்லை. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை உங்கள் பக்கத்து ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்கு ஓடப் போங்கள். இரண்டு வார இடைவெளிக்குப் பின் பழைய தூரத்தில் பாதி போதும்.