கேளுங்க சொல்றோம்: காலைப் புடிக்கிறதுக்கு ஒரு டிகிரியா?

கேள்வி: பொண்ணு ஏ லெவல்ல (நம்ம ஊரு ப்ளஸ் டூ மாதிரி) பயாலஜி படிக்கிறா, யூனிவர்சிட்டில போடியாட்ரி, அதாவது பாத வைத்தியப் படிப்புதான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மாமியாரோ "போயும் போயும் கண்டவங்க காலைப் புடிக்கவா இவ்ளோ படிக்க வச்சே"ன்னு தினமும் பாட்டு. இது உருப்படியான படிப்பா?
- ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: உங்க மாமியாருக்கு சுகர் இருக்கா? இருந்தா வருஷா வருஷம் கால் செக்கப்புக்குக் கூப்பிடுவாங்களே, கண்ண மூடிக்கச் சொல்லிட்டு ஒரு நைலான் இழைய பாதத்துல வச்சு அது வளையுற வரைக்கும் அழுத்தி "படுதா, படுதா"ன்னு கேப்பாங்க, அந்த 10 கிராம் அழுத்தம் கூட தெரியலன்னா நரம்பு மரத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் ஷூவுக்குள்ள கல்லு கெடந்தாலும் தெரியாது, நடந்துக்கிட்டே இருப்பாங்க, புண்ணாகி சீழ் வச்சு கடைசில வெரலயே எடுக்குற நிலைமை வந்துரும். அதுக்கு முன்னாடியே புடிச்சு நிறுத்துறவங்கதாங்க போடியாட்ரிஸ்ட். நகம் வெட்டுற வேலைன்னு நெனச்சா பாட்டிம்மாவ ஒருநாள் க்ளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க, பேச்சு தானா நிக்கும்.

படிப்பு இங்கிலாந்துல 3 வருஷம், ஸ்காட்லாந்துல 4. உங்களுக்குப் பக்கத்துலயே ஸ்ட்ராட்ஃபோர்டுல ஈஸ்ட் லண்டன் யூனிவர்சிட்டில இருக்கு, தூரம் பரவால்லன்னா சால்ஃபோர்ட், ஹடர்ஸ்ஃபீல்ட். பாதத்துல இருக்குற 26 எலும்புல ஆரம்பிச்சு ரத்தக்குழாய், மருந்து, நடை எல்லாம் உண்டு, ஆனா பாதி படிப்பு பேஷண்ட் முன்னாடிதான், க்ளினிக்ல மட்டும் சுமார் 1000 மணி நேரம். ஸ்கால்பெல்ல (ஆபரேஷன் கத்தி) காய்ப்பு சீவணும், நகம் சதைக்குள்ள வளந்து வர்றவங்களுக்கு வெரலோட அடில மரத்துப்போற ஊசி போட்டு ஓர நகத்த எடுத்து, திரும்ப வளராம இருக்க வேர்ல ஃபீனால்ங்கிற கெமிக்கல் வைக்கணும், இதெல்லாம் ஸ்டூடன்ட்டா இருக்கும்போதே சூப்பர்விஷன்ல செய்ய வைப்பாங்க. ரத்தம், நாத்தம், புண்ணு பாத்தா மயக்கம் வரும்னா இப்பவே பொண்ணுகிட்ட பேசிருங்க.

முடிச்சதும் எச்.சி.பி.சி-ல (இந்த மாதிரி மருத்துவத் தொழில் செய்றவங்களப் பதிவு பண்ற அமைப்பு) பதிஞ்சாதான் போடியாட்ரிஸ்ட்னு சொல்லிக்கவே முடியும், பதியாம போர்டு வச்சா சட்டப்படி குத்தம். அமெரிக்காவுல இருக்குற சொந்தக்காரங்க "எங்க ஊர்ல அவங்க டாக்டராச்சே"ன்னு குழப்புவாங்க, அங்க டிகிரிக்கு மேல 4 வருஷம் படிச்சு அப்புறம் ரெசிடென்சின்னு ஆஸ்பத்திரி ட்ரெய்னிங், ரூட்டே வேற, காதுல போட்டுக்காதீங்க.

கேள்வி: எனக்கு 38 வயசு, கேர் ஹோம்ல வேலை. எனக்கும் இது சாத்தியமா?
- இன்னொரு வாசகி, லண்டன்

பதில்: தாராளமா. ஏ லெவல் இல்லாட்டி காலேஜ்ல அக்சஸ் கோர்ஸ் (பெரியவங்க யூனிவர்சிட்டில சேர்றதுக்கான தயாரிப்புப் படிப்பு) முடிச்சுட்டு அப்ளை பண்ணலாம், சில இடத்துல சம்பளம் வாங்கிக்கிட்டே படிக்கிற டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பும் இருக்கு, ஃபீஸும் கட்ட வேணாம், ஆனா சீட் கம்மி. முழு நேரமா படிச்சா இங்கிலாந்துல தகுதி உள்ளவங்களுக்கு என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) ஃபண்ட்ல வருஷம் 5000 பவுண்டு, போடியாட்ரிக்குன்னு கூட 1000, திருப்பிக் கட்ட வேணாம். புள்ளைங்க இருந்தா அதுக்கும் தனியா உண்டு. யூனிவர்சிட்டிய சுத்திப் பாக்க விடுற ஓபன் டேல, மறக்காம ப்ளேஸ்மென்ட், அதாவது படிக்கும்போது க்ளினிக்ல போய் செய்ற ட்ரெய்னிங், எந்த ஏரியால போடுவாங்கன்னு கேளுங்க, விடியக்காலை ரெண்டு பஸ் மாறிப் போற மாதிரி இருந்தா வீட்டு வேலைய யாரு பாப்பான்னு முன்னாடியே பேசி வச்சுக்கலாம்.