வாசகர் கேள்வி – பதில்: காற்றில்லாத கடலில் அலை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கடந்த ஓகஸ்ட் மாதத்தில் நண்பர்களுடன் அறுகம்குடாவில் கடற் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) செலுத்தினேன். காற்று அறவே இல்லை. ஆயினும் முனைக்கு அருகே சென்றபோது நான்கைந்து பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து கயாக்கைக் கவிழ்த்துவிட்டன. அதன் பின் மீண்டும் அமைதி. அதே வாரத்தில் பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் சொல்லிக்கொள்ளும்படியான அலையே இல்லை. இதற்குக் காரணம் என்ன?
– வாசகர் ஒருவர், வாழைச்சேனை

பதில்: உங்களைக் கவிழ்த்த அலைகள் நம் கரையோரக் காற்றில் பிறந்தவை அல்ல. மே முதல் செப்டெம்பர் வரையான காலம் தென் அரைக்கோளத்துக்குக் குளிர்காலமாகும். அப்போது தென்னிந்தியப் பெருங்கடலின் 40 முதல் 60 பாகை வரையான அகலக்கோடுகளில் வீசும் புயல்கள் கிளப்பும் அலைகள், காற்று நின்ற பின்னரும் தம் சக்தியை அதிகம் இழக்காமல் வடக்கு நோக்கி வருகின்றன. முகட்டுக்கு முகடு 14 செக்கன் இடைவெளி கொண்ட அலைக் கூட்டமொன்று ஆழ்கடலில் நாளொன்றுக்கு 900 கிலோமீற்றருக்கு மேல் நகரும்; எனவே அது நம் கரைக்கு வந்து சேர ஒரு வாரமளவு ஆகலாம். அறுகம்குடாவை அடுத்த பொத்துவில்லில் அன்று மரக்கிளை அசையாதிருந்ததற்கும் அந்த அலைக்கும் தொடர்பே இல்லை.

அலைகள் கூட்டமாக வந்ததற்கும் காரணம் உண்டு. சற்றே வேறுபட்ட இடைவெளிகளைக் கொண்ட அலைத்தொடர்கள் கலந்து வரும்போது, முகடும் முகடும் பொருந்துமிடத்தில் அலை உயர்கிறது. முகடும் பள்ளமும் பொருந்துமிடத்தில் தணிகிறது. ஆகவே, பத்துப் பதினைந்து நிமிடம் சாதுவாகக் கிடந்த கடலில் திடீரெனச் சில பேரலைகள் எழுவது வழமையே.

இதில் கயாக் செலுத்துபவர் கவனிக்கவேண்டியது அலை உடையும் இடத்தையே. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. ஒரு மீற்றர் அலை ஒன்றேகால் மீற்றர் அளவு நீரில் உடையும். இரண்டு மீற்றர் அலையோ இரண்டரை மீற்றர் நீரிலேயே, அதாவது கரையிலிருந்து இன்னும் தள்ளியே, உடைந்துவிடும். சிறிய அலைகள் உடைவதைப் பார்த்து அதற்குச் சற்று வெளியே பாதுகாப்பாக நிற்பதாக நீங்கள் எண்ணியிருப்பீர்கள். பெரிய அலைகள் உடையும் இடம் அதுவாகவே இருந்திருக்கும். இறங்குமுன் கரையில் இருபது நிமிடமாவது நின்று, பெரிய கூட்டம் ஒன்று வந்து உடைவதைப் பார்த்துவிட்டே கயாக்கைத் தள்ளவேண்டும். இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு செக்கன் என்றால் அது அயற்காற்றின் அலை. பன்னிரண்டுக்கு மேல் என்றால், உயரம் குறைவாகத் தெரிந்தாலும் அதை நம்பக்கூடாது.

பாசிக்குடாவின் முன்னே பவளப்பாறையும் நெடுந்தூரம் ஆழமற்ற நீரும் உள்ளன. தெற்கிலிருந்து வரும் அலை கரையைச் சுற்றி வளைந்து அங்கே புகுவதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் அங்கே வேறோர் ஆபத்து உண்டு. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரம் தளம்பலின்றித் தெரியும். கரையில் நிற்பவருக்கு அலைகளின் முதுகுப்புறமே தென்படுவதால் வெளிக்கடலும் அமைதியாக இருப்பதாகத் தோன்றும். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் துடுப்பின் பாரம் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை, வடகீழ்ப் பருவக்காற்று நேரே நம் கரையில் மோதும் காலத்தில், கயாக்கைக் கரையிலேயே வைத்துவிடுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பாருக்கு இதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

கேள்வி: கயாக்கில் இயந்திரம் இல்லை, சத்தமும் இல்லை. ஆகவே டொல்பின்களுக்கு அருகே செல்வதில் தவறில்லை என்கிறார் என் தமையனார். அது சரியா? அவற்றை நன்றாகப் பார்ப்பது எப்படி?
– வாசகி ஒருவர், கல்லடி

பதில்: உங்கள் தமையனாரின் வாதம் பாதிதான் சரி. இயந்திர இரைச்சல் இல்லாதது நல்லதே. ஆனால் சத்தமின்றி மிக அருகில் வந்துவிடும் பொருள் விலங்கைத் திடுக்கிடச் செய்யவும் கூடும். மேலும், உடலைச் சுழற்றித் துள்ளும் டொல்பின் இனம் இரவில் ஆழ்கடலில் சிறுமீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கிறது. கூட்டம் நெருக்கமாகச் சேர்ந்து, துள்ளாமல், மெதுவாக ஒன்றாக எழுந்து ஒன்றாக அமிழுமானால், அது உறங்கும் கூட்டம் என்று கொள்ளலாம். அப்போது துரத்துவது உறக்கத்தைக் கலைப்பதற்குச் சமம். நூறு மீற்றர் தூரத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு மிதந்துகொண்டிருங்கள். வர விரும்பினால் அவையே வரும். கூட்டத்தை ஊடறுத்துச் செல்வதும், கன்றையும் தாயையும் பிரிப்பதும் ஒருபோதும் கூடாது.

கயாக்கில் அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து முக்கால் மீற்றர் உயரத்திலேயே இருப்பதால் அடிவானம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் முடிந்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் எதிரே நீர்ச்சுவர் மட்டுமே. எனவே ஒவ்வொரு முகட்டிலும் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள்; அடுத்த முகட்டில் அடுத்த பக்கம். வெண்நுரை தோன்றிய இடத்திலேயே கரைந்துவிடும். செட்டையோ அடுத்த தடவை சற்று முன்னே நகர்ந்து தோன்றும். ஆலா என்னும் கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுப் பாய்ந்தால் அங்கே சிறுமீன் கூட்டம் உண்டு என்று அறியலாம். கிழக்குக் கரையில் விடியற்காலையில் கடலை நோக்கினால் கண்ணுக்கு நேரே சூரியன் இருக்கும் என்பதால், சற்று வெளியே சென்று வடக்கே, தெற்கே அல்லது கரைப்பக்கம் பார்ப்பதே பயன் தரும்.

ஆமை இன்னும் சிரமம். விரலளவு தலை நீட்டி, ஒரு மூச்சு இழுத்து, மறைந்துவிடும். பாசிக்குடாப் பாறைகளின் மேல் அதைக் கண்டால், மூச்செடுக்க எழும் இடத்தின் மேல் கயாக்கை நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் முட்டையிடும் ஐந்து ஆமை இனங்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. திமிங்கிலத்தைப் பார்க்கும் ஆசை இருந்தால் பெரிய படகில் செல்லுங்கள்; அது கயாக்குக்கு உரிய வேலையன்று.

கேள்வி: வாவியிலிருந்து முகத்துவாரம் வழியாகக் கயாக்கில் கடலுக்குச் செல்லலாமா?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: மழைக்காலத்தில் கூடாது. வாவி நீர் வேகமாக வெளியேறிக் கடலலையை எதிர்கொள்ளும் இடத்தில் அலை குறுகிச் செங்குத்தாகி உடைகிறது; மணல் திட்டும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற மாதம் கண்ட வழி இந்த மாதம் இராது. வறண்ட மாதங்களிலும் அங்கே தொழில் செய்யும் கடற்றொழிலாளரிடம் கேட்டுவிட்டே இறங்கவேண்டும். கரைவலைக் கயிறு எங்கே கிடக்கிறது என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். வாவியில் முதலை உண்டு. கண்டல் ஓரமாகச் செல்லும்போது கையையோ காலையோ நீரில் தொங்கவிடவேண்டாம்.