முதல் நியமனத்தில் சம்பளத்துக்கு முன் சான்றிதழைப் பாருங்கள்

கேள்வி: மகள் எம்.ஏ. பொருளாதாரம், எம்.பில். முடித்து, பிஎச்.டி. ஆய்வேட்டையும் சமர்ப்பித்துவிட்டாள். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதவில்லை. பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இன்றைய தேதியில் அவர் கையில் இருக்கும் தகுதி எது என்பதில் தெளிவு வேண்டும். ஆய்வேடு கொடுத்தது பட்டம் ஆகாது. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து தற்காலிகச் சான்றிதழ் வரும்வரை காகிதத்தில் அவர் எம்.ஏ., எம்.பில். மட்டுமே. உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.பில். தனியாகச் செல்லாது, அந்தப் படிப்பையே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகளில் நிறுத்திவிட்டது. முதுகலையில் 55 சதவீதமும், கூடவே நெட், செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். 54.9 இருந்தால் 55 என்று முழுமையாக்க மாட்டார்கள். எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி. பிரிவினருக்கு 50 போதும்.

வைவாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நெட் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. இரண்டு தாளுக்கும் சேர்த்து 3 மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை, எனவே ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது. இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. 2024 முதல் முடிவு மூன்று வகையாக வருகிறது, ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்ற வகையில் தேறியவர் உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றவர் அல்ல. அடுத்தது சாதிச் சான்றிதழ். நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நெட்டுக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். செட் எழுதினாலும் நல்லதுதான், ஆனால் தமிழ்நாட்டு செட் இந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும்.

இனி அந்தக் கல்லூரி. சம்பளத்தைப் பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது, நியமன ஆணை எழுத்தில் தருவார்களா, பதவிப் பெயர் என்ன, சம்பளம் வங்கி வழியாக வருமா என்பது. பல இடங்களில் ஜூனில் சேர்த்து, கோடை விடுமுறையில் சம்பளத்தை நிறுத்தி, அடுத்த ஜூனில் ‘புதிதாக’ சேர்த்துக்கொள்கிறார்கள். பணி அனுபவச் சான்றிதழ் துண்டு துண்டாக வரும். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 2019-ல் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வெளியிட்ட அறிவிப்பில் ஓர் ஆண்டு அனுபவத்துக்கு 2 மதிப்பெண், உச்சம் 15. பின்னர் எழுத்துத் தேர்வு வந்துவிட்டது. ஆனாலும் அனுபவத்தைக் கேட்கும் இடங்களில் ஆணையும் வங்கிக் கணக்கும்தான் பேசும். தகுதி பெறுவதற்கு முன் பார்த்த காலம் கணக்கில் ஏறாமல் போகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விட்டுவிட்டு வரக் கூடாது. நாளை அரசுப் பணிச் சரிபார்ப்புக்கு அழைக்கும்போது ‘மூன்று மாதச் சம்பளம் கட்டிவிட்டு எடுத்துக்கொள்’ என்பார்கள்.

நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், பத்துப் பதினைந்து நிமிடம். ஆய்வுத் தலைப்பை விரிப்பதுதான் பிஎச்.டி.காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. முதலாமாண்டு பாடத்தை எடுப்பது மேல். தேவை நெகிழ்ச்சி (விலை மாறும்போது தேவை எந்த அளவு மாறுகிறது என்ற கணக்கு) என்றால், தக்காளி கிலோ 20 ரூபாயிலிருந்து 30 ஆனது, தெருவில் விற்பனை 10 கிலோவிலிருந்து 8 ஆனது என்று பலகையில் எழுதட்டும். விலை 50 சதவீதம் ஏற்றம், தேவை 20 சதவீதம் இறக்கம், விடை 0.4. விலை ஏறியும் தக்காளியை ஏன் விடவில்லை என்று எதிரே இருப்பவர்களிடமே ஒரு கேள்வி கேட்டால் போதும், மீதி நேரம் தானாக ஓடும்.

அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர் (தற்காலிக ஆசிரியர்) இடம் அறிவித்தால் விடாதீர்கள். ஊதியம் மாதம் 25,000 ரூபாய் என்ற அளவில்தான். யுஜிசி அளவில் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. இடைவெளி பெரிதுதான், ஆனால் அங்கே கிடைக்கும் அனுபவச் சான்றிதழை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.