வாய் பிளந்த உறையும் அடி கிழிந்த உறையும் ஒன்றல்ல

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சுடுதளங்களில் பொறுக்கி விற்கப்படும் 9 மி.மீ. பித்தளை உறைகளை மொத்தமாக வாங்கி, அவற்றில் மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்பி, கைத்துப்பாக்கிக்கான தோட்டாக்களை வீட்டிலேயே ரீலோடிங் செய்கிறேன். கடைசியாகச் சுட்ட 200 தோட்டாக்களில் ஏழு உறைகள் வாய்ப்பகுதியில் பிளந்திருந்தன. இன்னொன்று அடிப்பகுதிக்குச் சற்று மேலே புடைத்துக் கிழிந்தது. அந்த அதிர்ச்சியில், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின் கழன்று விழுந்தது. எனக்குக் காயம் ஏதுமில்லை. பித்தளை மட்டமானதா? எந்த நிறுவனத்தின் உறையை வாங்கலாம்? ஓர் உறையை எத்தனை முறை பயன்படுத்தலாம்?"

முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அதே தொகுதியில் நீங்கள் நிரப்பிய தோட்டாக்களில் மீதமுள்ள எதையும் சுடாதீர்கள். ஏழு உறைகளின் பிளவையும் எட்டாவது உறையின் கிழிசலையும் ஒரே கேள்விக்குள் அடக்கியிருக்கிறீர்கள். அவை வெவ்வேறு காரணங்களால் வருபவை. முன்னது உறையின் முதுமை. பின்னது உங்கள் கண்ணையும் கையையும் பறித்திருக்கக்கூடிய விபத்து.

தோட்டா உறைக்கான பித்தளையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் இருக்கின்றன. பித்தளையைத் தட்டத் தட்ட அது இறுகும் என்பதும், நடுவே சூடுகாட்டி இளக்காவிட்டால் வெடித்துவிடும் என்பதும் பாத்திரம் செய்யும் கன்னார்கள் காலங்காலமாக அறிந்தவை. ரீலோடிங்கின் ஒவ்வொரு சுற்றிலும் உறையின் வாய் படும் பாடும் அதுதான்: சுடும்போது விரிகிறது, உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சில் நுழையும்போது சுருங்குகிறது, குண்டு உட்காருவதற்காக மீண்டும் அகட்டப்படுகிறது, கடைசியில் குண்டைப் பிடிக்கும்படி நெருக்கப்படுகிறது. இப்படி இறுகி இறுகி, ஒரு நாள் வாயிலிருந்து கீழ்நோக்கி நீளவாட்டில் பிளக்கிறது. பழைய உறைகளில் இது இயல்பு. நிக்கல் பூசிய உறைகளில் இன்னும் முன்னதாகவே நிகழும். அப்படிப்பட்ட உறையை எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். குண்டின் அடி இடறாமல் உட்காரும் அளவுக்கு மட்டும் வாயை அகட்டினால் உறையின் ஆயுள் கூடும். ரைஃபிள் உறைகளுக்குச் செய்வதுபோல நெருப்பில் காட்டி இளக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு; வேண்டவே வேண்டாம். 9 மி.மீ. தோட்டாவின் உறை ஏறத்தாழ 19 மி.மீ. நீளமே உடையது. வாயில் காட்டும் சூடு அடிவரை இறங்கி, எந்தப் பகுதி உறுதியாக இருக்க வேண்டுமோ அதையே இளக்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிளவைக் காது கண்டுபிடிக்கும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? நான்கைந்து உறைகளை உள்ளங்கையில் வைத்துக் குலுக்குங்கள். நல்ல உறைகள் கணீரென்று ஒலிக்கும். பிளந்த ஒன்று கலந்திருந்தால் ஒலி கரகரக்கும். இதை ஒவ்வொரு தொகுதியிலும் செய்வது வழக்கமாகட்டும்.

இனி அந்த எட்டாவது உறைக்கு வருவோம். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .45 ஏசிபி தோட்டாவுக்கு அது 21,000 மட்டுமே. இந்த அழுத்தத்தை மெல்லிய பித்தளை தனியாகத் தாங்குவதில்லை. உறை விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் எஃகுச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது, தாங்குவது எஃகு. ஆனால் தோட்டா ஏறிவரும் சரிவுக்காகச் சேம்பரின் அடி விளிம்பைச் சற்றுக் குடைந்திருப்பார்கள். அந்த இடத்தில் உறைக்குப் பின்னால் எஃகு இல்லை. அழுத்தம் மிஞ்சினாலோ, பித்தளை அங்கே நலிந்திருந்தாலோ, அங்கேதான் புடைக்கும், கிழியும். வாயு கீழே பாய்ந்து மேகசினைத் தள்ளும். நீங்கள் கண்டதும் அதுவே.

பித்தளையைக் குற்றம் சொல்வதற்கு முன் வெடிமருந்தைச் சந்தேகியுங்கள். கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்துகள் பல, உறையின் பாதியைக்கூட நிரப்பாதவை. ஒரே உறையில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வெளியே வழியாது. குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வோர் உறையையும் நல்ல வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது ஒன்றே உறுதியான காவல். நிரப்பி முடித்த தோட்டாக்களைத் தராசில் இட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பல நிறுவனங்களின் உறைகள் எடையில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், கூடுதலாக விழுந்த மருந்தின் எடை அந்த வேறுபாட்டுக்குள் மறைந்துவிடக்கூடும். மீதமுள்ள தோட்டாக்களின் குண்டுகளைக் கழற்றி, மருந்தை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது அலுப்பான வேலைதான். செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்த சந்தேகம், குண்டு உள்ளே தள்ளப்பட்டது. சுவர் மெலிந்த உறை குண்டை இறுகப் பிடிக்காது. தோட்டா சரிவில் மோதிச் சேம்பருக்குள் ஏறும்போது குண்டு உறைக்குள் இறங்கிவிடும். உறை சிறியது என்பதால் சிறிதளவு இறங்கினாலும் அழுத்தம் வெகுவாக ஏறும். நிரப்பிய தோட்டாவின் முழு நீளத்தை அளந்து, குண்டின் முனையை மேசை விளிம்பில் கட்டைவிரல் பலத்தால் அழுத்தி, மீண்டும் அளந்து பாருங்கள். நீளம் குறைந்தால் அந்த உறை ஆகாது. தோட்டா முழுவதும் சேம்பருக்குள் அமராமலே வெடித்திருந்தாலும் இதே போன்ற கிழிசல் வரும் என்பதால், துப்பாக்கியையும் பரிசோதிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகுதான் உறையின் தரம். சில 9 மி.மீ. உறைகளின் உட்சுவரில் ஒரு படி இருக்கும். அந்தப் படியோரத்தில் பித்தளை திடீரென மெலிவதால், சுடும்போது அங்கேயே வளையமாகப் பிரிந்துவிடும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். படியுள்ள எதையும் நான் மறுபடி நிரப்ப மாட்டேன். முன்பு வேறொரு துப்பாக்கியில் புடைத்த உறையை டையில் செலுத்தினால் புடைப்பு மறையும், நலிவு மறையாது. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், விரலால் தள்ளினாலே அதன் குழியில் இறங்குமாறு தளர்ந்த உறையும் அழுத்தம் மிஞ்சிச் சுடப்பட்டதாக இருக்கலாம். அதையும் கழியுங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரு பழைய பாடம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் குதிரை லாயங்களை அடுத்து வைக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் மழைக்காலத்தில் சுடாமலே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, உள்ளிறுக்கம் கொண்ட பித்தளையை அரித்ததே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். பித்தளைப் பாத்திரங்களுக்கான சில பாலிஷ்களில் அம்மோனியா இருக்கிறது. உறைகளுக்கு அவை வேண்டாம். புளிப்பு நீரில் நெடுநேரம் ஊறவிட்டாலும் துத்தநாகம் கரைந்து உறை செம்பு நிறமாகும்.

எத்தனை முறை என்பதற்கு நிலையான எண் கிடையாது. உறையின் நிலையே எண். நிறுவனத்தின் பெயரைவிட உறையின் வரலாறு முக்கியம் என்பதே என் கருத்து. புதிய தோட்டாக்களை வாங்கிச் சுட்டு, அந்த உறைகளை அடியில் பொறித்த நிறுவன முத்திரைப்படி பிரித்து வைத்து, எத்தனையாவது சுற்று என்று பெட்டியின் மேல் எழுதிவிடுங்கள். (இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

கிழிந்த உறையை எறிந்துவிடாதீர்கள். அதையும் துப்பாக்கியையும், கழற்றி நிறுத்த மருந்தின் அளவுகளையும் எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் செல்லுங்கள். அவர் சேம்பரையும் குழலையும் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தத் துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கட்டும்.