மேட்பிளாட்லிப்பில் தானாக அமையும் அச்சு எல்லைகள்: கேள்வி பதில்

கேள்வி: அறை வெப்பநிலையை நொடிக்கு ஒருமுறை வாசித்து, ஏற்கெனவே வரைந்த கோட்டில் செட்_டேட்டா வழியாகப் புதிய மதிப்புகளை இடுகிறேன். சிறிது நேரத்தில் கோடு சட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டி மறைந்துவிடுகிறது. அச்சு ஏன் விரிவதில்லை?

பதில்: பைத்தான் மொழியில் வரைபடம் வரைய உதவும் நூலகமான மேட்பிளாட்லிப் இரண்டு எல்லைகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. டேட்டாலிம் என்பது வரைந்த தரவு எதுவரை பரவியுள்ளது என்ற கணக்கு. வியூலிம் என்பது திரையில் எதுவரை காட்டுவது என்ற முடிவு. பிளாட் கட்டளை இரண்டையும் கவனித்துக்கொள்கிறது. செட்_டேட்டாவோ கோட்டின் புள்ளிகளை மட்டும் மாற்றிவிட்டு, எல்லைகளை அப்படியே விட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் முதலில் டேட்டாலிம்மை மீண்டும் கணக்கிடும் ரீலிம், அடுத்து அதைக் கொண்டு வியூலிம்மை அமைக்கும் ஆட்டோஸ்கேல்_வியூ என இரண்டையும் அழைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பழைய கணக்கைக் கொண்டே காட்சி அமையும்.

அதன் பிறகும் அச்சு அசையவில்லை என்றால், நிரலில் எங்கேனும் ஒய் அச்சின் எல்லையைக் கையால் நிர்ணயிக்கும் செட்_ஒய்லிம் இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் படம் அழகாகத் தெரியட்டும் என்று எழுதிய அந்த ஒரு வரி, ஒய் அச்சின் தானியங்கி அளவீட்டைச் சத்தமில்லாமல் அணைத்துவிடும். அந்த வரியை நீக்கலாம், அல்லது ஆட்டோஸ்கேல் கட்டளையால் மீண்டும் இயக்கலாம்.

எந்தப் பிழையானாலும் திருத்தத் தொடங்குமுன் டேட்டாலிம், ஒய் அச்சின் தற்போதைய காட்சி எல்லையைத் தரும் கெட்_ஒய்லிம் இரண்டின் மதிப்புகளையும் அச்சிட்டுப் பார்க்கும்படி வற்புறுத்துவேன். முன்னது பழையதாக இருந்தால் ரீலிம் விடுபட்டிருக்கிறது. முன்னது சரியாக இருந்து பின்னது மட்டும் பழையதாக இருந்தால், ஆட்டோஸ்கேல்_வியூ விடுபட்டிருக்கிறது அல்லது தானியங்கி அணைந்திருக்கிறது.

கேள்வி: கோட்டுக்குப் பதிலாகத் தனித்தனிப் புள்ளிகளாக வரையும் ஸ்கேட்டர் பயன்படுத்துகிறேன். ரீலிம் அழைத்தும் பயனில்லை.

பதில்: ஸ்கேட்டர் தருவது கலெக்‌ஷன் வகைப் பொருள், அதாவது பல புள்ளிகளை ஒன்றாகத் தொகுத்த பொருள். ரீலிம் அவ்வகையைக் கணக்கில் சேர்க்காத பதிப்புகள் இன்னும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ரீலிம் அழைத்தபின், புதிய புள்ளிகளை அப்டேட்_டேட்டாலிம் கட்டளைக்கு நீங்களே கொடுத்து, பிறகு ஆட்டோஸ்கேல்_வியூ அழைக்க வேண்டும்.

கேள்வி: ஆட்_பேட்ச் மூலம் சேர்த்த செவ்வகம் தெரியவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.

பதில்: செவ்வகம் இருக்கிறது, வெற்று அச்சின் 0 முதல் 1 வரையான காட்சிக்கு வெளியே இருக்கிறது. ஆட்_பேட்ச் டேட்டாலிம்மைப் புதுப்பித்தாலும் காட்சியை மாற்றுவதில்லை என்பதால், ஆட்டோஸ்கேல்_வியூ ஒன்றே போதும்.

கேள்வி: 0 முதல் 10 வரை தரவு கொடுத்தால் அச்சு -0.5 முதல் 10.5 வரை வருகிறது. ஆனால் பட்டை வரைபடத்தின் அடி மட்டும் சரியாக 0-வில் நிற்கிறது. எது பிழை?

பதில்: இரண்டுமே வடிவமைப்பின்படிதான். 2017-இல் வந்த 2.0 பதிப்பு முதல், தரவின் நீளத்தில் 5 விழுக்காடு இருபுறமும் இடைவெளியாகச் சேர்கிறது. பட்டைகளின் அடிக்கு ஸ்டிக்கி எட்ஜஸ் என்ற குறி இருப்பதால் அங்கே இடைவெளி சேர்வதில்லை. அதுவும் வேண்டுமென்றால் யூஸ்_ஸ்டிக்கி_எட்ஜஸ் பண்பைப் பொய்யாக்குங்கள். எங்கும் வேண்டாமென்றால் மார்ஜின்ஸ் மதிப்பை 0 ஆக்குங்கள்.

கேள்வி: எல்லா மதிப்புகளும் 5 ஆக இருக்கும்போது ஒய் அச்சு 4.725 முதல் 5.275 வரை வருவது எப்படி?

பதில்: கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒன்றானால் அளவு மாற்றத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அதைத் தவிர்க்க நூலகம் முதலில் மதிப்பின் 5 விழுக்காடு அளவுக்கு இருபுறமும் விரித்து 4.75, 5.25 என்று ஆக்குகிறது; அந்த 0.5 நீளத்தின் 5 விழுக்காடான 0.025 பிறகு இடைவெளியாகச் சேர்கிறது. உணரியின் சிறு நடுக்கத்தைப் பெரிய ஏற்ற இறக்கமாக இந்தக் குறுகிய அச்சு காட்டிவிடும் என்பதால், அளவீட்டுப் பணிகளில் குறைந்தபட்ச அகலம் ஒன்றை நீங்களே நிர்ணயிப்பது நல்லது.

கேள்வி: மடக்கை அச்சில் 0 மதிப்புள்ள புள்ளிகள் காணாமல் போகின்றன.

பதில்: பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை, ஆகவே கீழ் எல்லை மிகச்சிறிய நேர்மதிப்பைக் கொண்டே அமைகிறது. பூஜ்யமும் தெரிய வேண்டுமென்றால் அச்சின் அளவுமுறையை, பூஜ்யத்தை ஒட்டி மட்டும் நேர்கோட்டு அளவாக இருக்கும் சிம்லாக் என்று மாற்றி, அந்த நேர்கோட்டுப் பகுதியின் எல்லையான லின்த்ரெஷ் மதிப்பை உங்கள் தரவின் மிகச்சிறிய நேர்மதிப்புக்கு அருகில் வையுங்கள்.