ஜெர்மனியின் எரிசக்தி மாற்றம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஜெர்மனியில் பாதி மின்சாரம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வருகிறதாமே, நிஜமா?

நிஜம்தான். காற்று, சூரியன், உயிரிப்பொருள், நீர் எல்லாம் சேர்த்து 2000இல் சுமார் 6 சதவீதம் இருந்தது, 2023இல் பாதியைத் தாண்டிவிட்டது. ஆனால் இது மின்சாரக் கணக்கு மட்டும். வீட்டைச் சூடாக்குவதும் வண்டி ஓட்டுவதும் இன்னும் பெரும்பாலும் எரிவாயுவையும் எண்ணெயையும் நம்பித்தான். செய்தித் தலைப்புகள் இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகின்றன.

கேள்வி: இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

2000இல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம்தான் காரணம். சூரியத் தகடு போட்டால் அதன் மின்சாரத்துக்கு 20 ஆண்டுக்கு நிலையான விலை, மின்கட்டமைப்பில் முதலிடம். வருமானம் உறுதி என்றால் வங்கி கடன் தராதா? விவசாயிகள்கூட இறங்கினார்கள். செலவை மின்கட்டணத்தில் கூடுதலாக வசூலித்தார்கள். 2022 ஜூலையில்தான் அது நின்றது.

கேள்வி: அணு உலைகளை மூடியது முட்டாள்தனம் இல்லையா?

நிலக்கரியை முதலில் மூடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 2011இல் ஜப்பானில் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்தைப் பார்த்து திடீரென்று எடுத்த முடிவு என்பது பாதிக் கதை. படிப்படியாக மூடும் ஒப்பந்தம் 2000லேயே உண்டு. அப்போதைய பிரதமர் (சான்சலர்) மெர்க்கலின் அரசு 2010இல் கெடுவை நீட்டித்தது, 2011இல் அதையே திருப்பிப்போட்டது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15இல் நின்றன.

கேள்வி: நல்ல காற்று அடிக்கும்போதே வடக்கில் காற்றாலைகளை நிறுத்துகிறார்களாமே, ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. காற்று வடக்கே, பெரிய தொழிற்சாலைகள் பல தெற்கே பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும். இடையில் போதுமான மின்கம்பி இல்லை. அதற்காகத்தான் வடக்கிலிருந்து தெற்கே சுமார் 700 கிலோமீட்டர் நீள ஸூட்லிங்க் என்ற மின்தடம். உயர்கோபுரம் வேண்டாமென்று பவேரியாவில் எதிர்ப்பு கிளம்ப, பெரும்பகுதியை நிலத்தடிக் கேபிளாக மாற்றினார்கள். 2022இல் முடிய வேண்டியது, இப்போது 2028 என்கிறார்கள். அதுவரை வடக்கே காற்றாலையை நிறுத்தி உரிமையாளருக்கு இழப்பீடு, தெற்கே வேறு நிலையத்தை ஓட்டக் காசு. இதில் இன்னொரு கூத்து: நாடு முழுக்க மின்சாரத்துக்கு ஒரே மொத்த விற்பனை விலை, அதனால் இந்த நெரிசல் சந்தை விலையில் தெரிவதே இல்லை. தகடும் காற்றாலையும் வாங்கிவிடலாம். கம்பி இழுப்பதுதான் அரசியல்.

கேள்வி: நிலக்கரி எப்போது நிற்கும்?

சட்டப்படி 2038க்குள். மேற்கே ரைன்லாந்துப் பகுதியின் பழுப்பு நிலக்கரி மட்டும் 2030.

கேள்வி: வெயிலும் காற்றும் சேர்ந்து காலை வாரினால்?

பேட்டரி சில மணி நேரம் தாங்கும், குளிர்கால வாரத்தைத் தாங்காது. அப்போது எரிவாயு, நிலக்கரி நிலையங்களும் அண்டை நாட்டு மின்சாரமும்தான். 2024 டிசம்பரில் அப்படி ஒரு நாள் மொத்த விற்பனை விலை தாறுமாறாக ஏறி, அது தங்கள் நாட்டு விலையையும் ஏற்றியதால் சுவீடனும் நார்வேயும் வெளிப்படையாகவே எரிச்சலைக் காட்டின.