அமைதி – மோதல் ஆய்வில் முதுகலை: கேள்விகளும் பதில்களும்

இத்துறையில் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாக வழிநடத்தி வருபவன் என்ற முறையில், வந்த வரிசையிலேயே உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லைக்குள் வருபவற்றை விரித்து எழுதுவேன். மற்றவற்றுக்கு, யாரைக் கேட்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: இளங்கலையில் வரலாறு படித்தேன். இந்தப் படிப்புக்கும் சர்வதேச உறவுகள் படிப்புக்கும் என்ன வேறுபாடு?

சர்வதேச உறவுகள் அரசுகளிலிருந்து தொடங்குகின்றன. அமைதி ஆய்வு வன்முறையிலிருந்து தொடங்குகிறது: அது எப்படி மூள்கிறது, ஏன் சில இடங்களில் மூளாமல் போகிறது, நின்ற பின் ஏன் திரும்புகிறது என்பவையே அதன் கேள்விகள். அரசு அந்தக் கதையில் ஒரு பாத்திரம் மட்டுமே. ஆனால் ஒரே பெயரைத் தாங்கிய பட்டங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன என்பதையும், அதற்கான காரணம் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்னத் போல்டிங்கும் அவருடைய சகாக்களும் மோதல் தீர்வுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்கள். 1959இல் யோஹான் கால்டுங் நார்வேயின் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1971இல் ஒரு தனித்துறை எழுந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் சமயத்தினரின் முயற்சியால் 1973இல் அமைதி ஆய்வுத் துறை தோன்றியது. உப்சாலாவில் தரவும் கோட்பாட்டுச் சோதனையும் முன்னே நிற்கும். பிராட்ஃபோர்டு மரபில் நடைமுறையும் அறக்கேள்விகளும் முன்னே நிற்கும். ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டாயப் பாடங்களின் பட்டியலைத் திறந்து, ஆய்வு முறையியலுக்கு எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்றும், உங்கள் ஆய்வேட்டைப் படிக்கப்போகும் ஆசிரியர் கடைசியாக எதைப் பற்றி எழுதினார் என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டு, முதல் பருவத்திலேயே ஏமாற்றத்தோடு என்னிடம் வந்த மாணவர்கள் பலர்.

கேள்வி: இந்தப் பட்டம் பெற்றால் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை கிடைக்குமா?

பட்டத்தால் மட்டும் கிடைக்காது. சபையின் இளம் வல்லுநர் தேர்வுக்கு இளங்கலையே போதுமானது. ஆனால் அந்த ஆண்டில் பங்கேற்கும் நாடுகளின் குடிமக்கள் மட்டுமே அதை எழுத முடியும். சபைச் செயலகத்தின் பயிற்சிப் பணிகளுக்கு ஊதியம் கிடையாது. கோஸ்டா ரிகாவிலுள்ள அமைதிப் பல்கலைக்கழகம் 1980இல் பொதுச்சபையின் தீர்மானத்தால் உருவானது என்பதால், அங்கே படித்தால் சபைக்குள் நேராக நுழையலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் சபையின் வழக்கமான நிதியில் இயங்குவதுமில்லை. அதன் பட்டம் சபை வேலைக்கு முன்னுரிமை தருவதுமில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது ஒரு நிலப்பகுதியின் மொழி உங்களுக்குத் தெரியுமா, தரவைக் கையாளத் தெரியுமா, ஓர் அறிக்கையைத் தெளிவாக எழுதத் தெரியுமா என்பதைத்தான்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. புள்ளியியல் இல்லாமல் இத்துறையில் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் எண்ணை வாசிக்கத் தெரியாமல் முடியாது. 'ஆயுத மோதல்' என்று செய்தியில் வரும் எண்ணிக்கைக்குப் பின்னால் பெரும்பாலும் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டத்தின் வரையறை இருக்கிறது: ஆட்சி அல்லது நிலப்பரப்பு குறித்த முரண்பாட்டில் இரு தரப்பினர் ஆயுதம் எடுக்க வேண்டும், அவர்களில் ஒரு தரப்பாவது அரசாக இருக்க வேண்டும், ஒரு நாட்காட்டி ஆண்டில் சண்டையில் குறைந்தது 25 பேர் இறந்திருக்க வேண்டும். 1,000 பேரை எட்டினால் அது போர். முற்றுகையால் பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அரசு சாராத குழுக்களுக்கிடையிலான சண்டைக்கும், நிராயுதபாணிகள் மீதான ஒருதலை வன்முறைக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இதை அறியாமல் 'உலகில் மோதல்கள் குறைந்தன' என்றோ 'கூடின' என்றோ எழுதுகிறவர், எது குறைந்தது என்று தெரியாமலே எழுதுகிறார்.

கணக்கை அஞ்சுபவர்களுக்கு லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். வானிலைக் கணிப்பில் பெயர் பெற்ற அந்தக் கணிதவியலாளர் குவேக்கராக இருந்ததால், முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றினார். பிற்காலத்தில் போர்களை அவற்றில் மாண்டவர்களின் தொகையைக் கொண்டு அளவிட்டு வகைப்படுத்தினார். காயம்பட்டவர்களைச் சுமந்த மனிதர் ஏன் எண்ணத் தொடங்கினார் என்று யோசித்தால், புள்ளியியல் ஈரமற்ற வேலை என்ற எண்ணம் நீங்கும்.

கேள்வி: நான் பொருளியல் படித்தவன். வறுமையையும் 'கட்டமைப்பு வன்முறை' என்று அழைப்பது வன்முறை என்ற சொல்லையே பொருளற்றதாக்கிவிடாதா?

இன்று வந்தவற்றில் என்னை அதிகம் சிந்திக்கவைத்த கேள்வி இது. கால்டுங் 1969இல் எழுதிய கட்டுரையில், மனிதர் அடையக்கூடிய நிலைக்கும் உண்மையில் அடைந்திருக்கும் நிலைக்கும் இடையே தவிர்க்கக்கூடிய ஓர் இடைவெளி இருக்குமானால் அங்கே வன்முறை இருக்கிறது என்றார். தாக்கியவர் என்று ஒருவரும் இல்லாமல் சமூக அமைப்பே அந்த இடைவெளியை உண்டாக்கினால் அது கட்டமைப்பு வன்முறை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயால் இறந்தால் அது வன்முறையாகாது. மருத்துவம் கைவசம் இருக்கும் காலத்திலும் இறந்தால் ஆகும் என்பது அவரே தந்த எடுத்துக்காட்டு. போர் இல்லாத நிலையை எதிர்மறை அமைதி என்றும், இந்த இடைவெளியும் அகன்ற நிலையை நேர்மறை அமைதி என்றும் பிரித்தார். போல்டிங் 1977இல் இதை நட்போடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் மறுத்தார். தெருவிலோ வீட்டிலோ போர்க்களத்திலோ நிகழும் வன்முறையும் வறுமையும் வெவ்வேறு வழிகளில் உருவாகின்றன; இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் இரண்டின் காரணங்களும் மங்கிவிடும் என்பது அவர் வாதம்.

ஆய்வேட்டை வழிநடத்தும்போது நான் போல்டிங்கின் பக்கம் சாய்கிறேன். சமத்துவமின்மையே வன்முறை என்று வரையறுத்துவிட்டால், 'சமத்துவமின்மை போரை மூட்டுகிறதா' என்று கேட்கவே வழியில்லாமல் போகிறது. ஆனால் ஒரு சமூகத்தைப் பார்க்கும்போது கால்டுங் இல்லாமல் என்னால் பார்க்க இயலாது. துப்பாக்கி ஓய்ந்த நாளையே அமைதி பிறந்த நாளாகக் கொண்டாடும் பிழையிலிருந்து நம்மைக் காப்பது அவருடைய சொல்தான்.

மீண்டும் அதே நண்பர்: பிறகு சமத்துவமின்மைக்கும் போருக்கும் தொடர்பில்லை என்றுதானே உள்நாட்டுப் போர் பற்றிய ஆய்வுகள் சொல்லின?

பொருளியலாளர்கள் பால் காலியரும் ஆங்கே ஹோஃப்லரும் 2004இல் வெளியிட்ட ஆய்வை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவீடுகளில் வருமான ஏற்றத்தாழ்வு போரின் தொடக்கத்தை நன்றாக விளக்கவில்லை. கிளர்ச்சிக்குப் பணமும் வாய்ப்பும் இருந்தனவா என்பதே கூடுதலாக விளக்கியது. ஆனால் அவர்கள் அளந்தது தனிமனிதர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை. யாரும் தனி ஆளாக உள்நாட்டுப் போர் தொடங்குவதில்லை. குழுவாகத் திரண்டே தொடங்குகிறார்கள். பிரான்சிஸ் ஸ்டூவர்ட் குழுக்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை 'கிடைமட்டச் சமத்துவமின்மை' என்று தனியே பிரித்துக் காட்டினார். லார்ஸ்-எரிக் செடர்மனும் சகாக்களும் அதை அளந்து பார்த்தபோது, அதிகாரத்திலிருந்து விலக்கப்பட்ட இனக்குழுக்களும், நாட்டின் சராசரியிலிருந்து பொருளாதாரத்தில் வெகுவாக விலகி நிற்கும் குழுக்களும் உள்ள இடங்களில் போரின் ஆபத்து கூடுவது தெரிந்தது. தொடர்பு இல்லாமல் போகவில்லை, அளவுகோல் அதைப் பிடிக்கத் தவறியது.

கேள்வி: அமைதி ஆய்வு படித்தவர்களுக்கு ஐ.நா. வேலைவாய்ப்பு எப்படி இருக்கிறது?

மேலே பதில் சொல்லிவிட்டேன். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

கேள்வி: என் ஆய்வேட்டுக்காக முன்னாள் போராளிகளை நேர்காணல் செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

தொடங்குவதற்கு முன் நிறுத்தி யோசியுங்கள். நான் எப்போதும் சொல்லும் எச்சரிக்கை இது: உங்களால் காக்க முடியாத வாக்குறுதியை எவருக்கும் கொடுக்காதீர்கள். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்குழு உறுப்பினர்களின் நினைவுகளை 2001 முதல் ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டம் பதிவு செய்தது. பேசியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவு வெளிவராது என்ற நம்பிக்கையில் அவர்கள் பேசினார்கள். ஒலிநாடாக்கள் அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியில் வைக்கப்பட்டன. 2011இல் பிரித்தானிய அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில் அவற்றைக் கோரும் நீதிமன்ற ஆணைகள் வந்தன, வழக்காடிய பின்னும் சில பதிவுகளை ஒப்படைக்க நேர்ந்தது, கைதுகளும் தொடர்ந்தன. அந்த ஆய்வாளர்கள் அனுபவமில்லாத மாணவர்கள் அல்லர்.

நீங்கள் ஓராண்டில் ஆய்வேட்டை முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். பேசியவர் அதே தெருவில், அதே அயலாருக்கு நடுவே வாழ்வார். பெயரை மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். வயது, கிராமம், இழந்த உறவினரின் விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அவர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு தரும் அனுமதி தொடக்கம்தான், அது எல்லாவற்றையும் காத்துவிடாது. முதுகலைக் காலத்துக்குள், உண்மை அறியும் ஆணையங்கள் வெளியிட்ட அறிக்கைகளையும் வாக்குமூலங்களையும் அமைதி ஒப்பந்தங்களின் வாசகங்களையும் வைத்தே மிக நல்ல ஆய்வேடு எழுதலாம். கொலம்பியாவின் 2016 அமைதி ஒப்பந்தத்தை 578 கடப்பாடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நிறைவேறுகிறதா என்று நாட்ரடேம் பல்கலைக்கழகத்தின் குரோக் நிறுவனம் கண்காணித்து வெளியிட்ட அறிக்கைகளே பல ஆய்வேடுகளுக்குப் போதும்.

கேள்வி: உதவித்தொகைகள் உண்டா?

உண்டு. ரோட்டரியின் அமைதி உதவித்தொகைக்கு மூன்றாண்டுப் பணியனுபவம் வேண்டும். ரோட்டரி உறுப்பினர்களும் அவர்களுடைய நேர் வாரிசுகளும் விண்ணப்பிக்க இயலாது. பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டாண்டுப் பணியனுபவம் கேட்கிறது. படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

கேள்வி: மாணவர் விசாவோடு குடும்பத்தை அழைத்துச் செல்லலாமா?

இது என் துறை அல்ல. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஐ.நா.வில் சேர இந்தப் படிப்பா, சட்டமா?

இது மூன்றாவது முறை. இரண்டாம் கேள்விக்கான பதிலுக்கு மேல் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

கேள்வி: படித்து முடித்ததும் நான் மத்தியஸ்தர் ஆகலாமா?

மத்தியஸ்தரை ஏற்கவேண்டியவர்கள் மோதலில் இருக்கும் தரப்பினர். அவர்கள் நம்பிக்கையைப் பட்டம் பெற்றுத் தராது. எப்போது பேச்சுவார்த்தைக்கு வழி திறக்கிறது என்பதைப் படிப்பு உங்களுக்குக் கற்றுத்தரும். இரு தரப்பும் வெல்லவும் முடியாமல், வலி தாங்கவும் முடியாமல் சிக்கி நிற்கும் கட்டத்தை வில்லியம் சார்ட்மன் 'கனிந்த தருணம்' என்றார். அதை வாசித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. இரவு முழுவதும் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு நடுவே பொறுமை காப்பது வேறொன்று.

பொருளியல் நண்பர், மூன்றாம் முறையாக: கால்டுங், போல்டிங் இருவரில் ஒருவரை அடிப்படையாக வைத்து ஆய்வேட்டு முன்மொழிவு எழுத விரும்புகிறேன். யாரை எடுப்பது?

இன்று இந்த உரையாடலை நீங்கள் உயர்த்தியிருக்கிறீர்கள், நன்றி. யாரையும் இப்போது எடுக்காதீர்கள். 1969, 1977 ஆகிய இரு கட்டுரைகளையும் ஒரே வாரத்தில் படியுங்கள். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மோதலை எடுத்து, அதில் வன்முறை எந்த நாளில் தொடங்கியது என்று ஒரு பக்கம் கால்டுங்கின் வரையறையின்படியும், இன்னொரு பக்கம் போல்டிங்கின் வரையறையின்படியும் எழுதிப் பாருங்கள். இரு பக்கங்களிலும் தேதிகள் வேறுபடும். அந்த வேறுபாட்டை விளக்க உங்களுக்கு என்ன சான்றுகள் தேவைப்படும் என்ற பட்டியலே உங்கள் முன்மொழிவின் முதல் வரைவு.